பதினாலாவது வண்டி

மாரிட்: மாமா, இந்தக் கோட்டு போன வருஷமே பத்தல. மறுபடியும் அதுக்குள்ள போய் என்ன பண்ணப் போறீங்க?

ஆர்வோ: கோட்டு சுருங்கிப் போச்சு. ஷெட்டுல ஈரம்.

மாரிட்: ஆமா. வயித்துப் பக்கம் மட்டும் பாத்துச் சுருங்கியிருக்கு.

ஆர்வோ: மருமகளே, காலங்காத்தால ஆரம்பிக்காத. ஜிப்ப இழு. மெதுவா... உள்ள என் தோலும் இருக்கு.

மாரிட்: மூச்ச உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம்... ஆச்சு. இனி நூத்திப் பத்து மைலுக்கு மூச்சு விட்டுடாதீங்க.

ஆர்வோ: முதுகுல பையன் பேரு நேரா இருக்கா பாரு.

மாரிட்: இருக்கு. காலெவி லாட்டி. எழுத்து மட்டும் லேசா உதிருது. அடுத்த வருஷத்துக்குள்ள வேற தைக்கணும்.

ஆர்வோ: உன் முதுகுல?

மாரிட்: என்னுது நல்லாருக்கு. நான் ஷெட்டுல தொங்கவிடறதில்ல.

ஆர்வோ: நம்பர் வாங்கிட்டியா?

மாரிட்: வாங்கிட்டேன். பதினாலு.

ஆர்வோ: எப்பவும் அதுதான்.

மாரிட்: செத்த தேதி வரிசை மாமா, மாறவா போவுது? நான் மொத்தம் எத்தனைன்னு கேட்டேன். இந்த வருஷமும் பத்தொன்பதுதானாம். நம்ம ஏரிக்கரை ஊருங்கள்ல பட்டாளத்துக்குப் போய்ச் செத்தவங்கன்னு புதுசா யாருமில்லையாம்.

ஆர்வோ: அது போதும்.

மாரிட்: ம்.

ஆர்வோ: அந்த ஒன்பதாம் நம்பர்காரர் வந்திருக்காரா? போன வருஷம் பேரு கூப்பிடறதுக்கு முன்னாடியே இன்ஜின அணைச்சாரே.

மாரிட்: பாவம், புது ஆளு. தங்கச்சிப் பையனுக்காக வர்றாரு. கை நடுங்கியிருக்கும்.

ஆர்வோ: நடுங்கட்டும். அதுக்காக? பத்தொன்பது வண்டியும் கல்லறை வாசல்ல உறுமிட்டு நிக்குது. பேரு கூப்பிடக் கூப்பிட ஒவ்வொண்ணா அடங்கணும். கடைசில ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. நம்ம ஊர்வலமே அதுக்குத்தான். இவரு முந்திக்கிட்டா ஒன்பதாவது பையனுக்கு என்ன மரியாதை?

மாரிட்: சரி சரி. நான் போய் அவர்கிட்ட சொல்லிடறேன், பதினாலாம் நம்பர் கிழவர் உங்க மேல கண்ணா இருக்காருன்னு.

ஆர்வோ: கிழவர்னு சொல்லாத. எழுபத்தொண்ணுதான். வா, இந்த வண்டியப் பிடி, கையுற மாட்டிக்கறேன்.

மாரிட்: விடுங்க. பிடிச்சிட்டேன்.

ஆர்வோ: ரெண்டு கையாலயும். எழுநூறு பவுண்டு. போன வருஷம் பாதிரியார் கால் மேல சாச்சது ஞாபகமிருக்கா?

மாரிட்: அதனாலதான் ஜெபம் சீக்கிரம் முடிஞ்சுது. பாதிப் பேரு வந்து எனக்கு நன்றி சொன்னாங்க.

ஆர்வோ: ஏய்... இப்ப என்ன பண்ண?

மாரிட்: என்ன பண்ணேன்?

ஆர்வோ: குனிஞ்சு பாக்காமயே கால்ல ஸ்டாண்டத் தள்ளி நிறுத்துன.

மாரிட்: பதினோரு வருஷமா பின்னால உக்காந்து பாக்கறேன் மாமா. மாடா இருந்தா கூடப் பழகியிருக்கும்.

ஆர்வோ: ம்... மாடு நிறுத்தி நான் பாத்ததில்ல. ஏறு, விசில் அடிக்கறாங்க.

*

மாரிட்: மாமா, கேக்குதா?

ஆர்வோ: கேக்குது. கத்தாத. ஹெல்மெட்டுக்குள்ள மைக்கு வெச்சதே கத்தாம இருக்கத்தான்.

மாரிட்: பதிமூணாவது வண்டி எங்க?

ஆர்வோ: முன்னால.

மாரிட்: முன்னாலன்னா எங்க? பத்து நிமிஷமா காணோம். நமக்குப் பின்னால, ஊர்வலத்துல சும்மா கூட வர்றவங்க வண்டி வேற இருநூறு ஊர்ந்து வருது.

ஆர்வோ: நினைவு ஊர்வலம் மா இது. பந்தயம் இல்ல. செத்தவங்க யாரும் அவசரப்படல.

மாரிட்: இருக்கறவங்களுக்குப் பசிக்குமே. ... இப்ப ஒரு ஆளு நம்மளத் தாண்டினாரு, பாத்தீங்களா?

ஆர்வோ: இல்ல. யாரு?

மாரிட்: சைக்கிள்காரர்.

ஆர்வோ: இறக்கத்துல யாரும் வேகமாத்தான் போவாங்க.

மாரிட்: ஏத்தம் மாமா இது.

ஆர்வோ: முப்பத்தெட்டு வருஷம் சுரங்கத்துல இருந்து துறைமுகத்துக்கு இரும்புக்கல்லு ரயில் ஓட்டினவன்கிட்ட ஏத்தம் இறக்கம் பேசாத.

மாரிட்: ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு. "உங்க மாமா ஒண்ணும் ஓட்டல, அது தானாப் போச்சு, இவரு ஹாரன் அடிச்சாரு"ன்னு அத்தை சொல்லுவாங்க.

ஆர்வோ: அவ சொல்லுவா. இப்பவும் மேல உக்காந்து அதத்தான் சொல்லிட்டிருப்பா.

மாரிட்: காலெவியும் கூட உக்காந்து சிரிச்சிட்டிருப்பாரு.

ஆர்வோ: அவன் சிரிக்க மாட்டான். 'அப்பா, மூணாவது கியர்லயே எவ்வளவு தூரம்'னு அழுவான். ... இரு, மலையக் குடைஞ்ச குகைப்பாதை வருது.

மாரிட்: மாமா?

மாரிட்: மாமா... என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்கறீங்க?

ஆர்வோ: தாண்டிட்டோம். குகைக்குள்ள பேசக் கூடாது.

மாரிட்: யாரு சொன்னா?

ஆர்வோ: நான்.

மாரிட்: சட்டமே போடறீங்க. சரி, ஏதாவது பாடுங்க. எனக்கு முதுகு மரத்துப் போச்சு.

ஆர்வோ: பாடினா பின்னால இருநூறு பேரும் திரும்பிப் போயிடுவாங்க. அது சரி, கடைசில ஒரு வெள்ளை வேன் வந்துதே, வண்டி நின்னு போனா ஏத்திக்கறதுக்கு. அது வெண்டலா?

மாரிட்: ...அவருதான். வருஷா வருஷம் அவருதான வர்றாரு.

ஆர்வோ: ஆமா. நல்ல பையன். படகு இன்ஜின்ல அவன மிஞ்ச இந்தக் கரைல ஆளில்ல.

மாரிட்: ம்.

ஆர்வோ: உங்க பள்ளிக்கூடச் சமையலறைல படகு இருக்கா என்ன?

மாரிட்: மாமா.

ஆர்வோ: இல்ல, மாசத்துக்கு ரெண்டு தடவ அவன் வேன் அங்க நிக்குதேன்னு கேட்டேன்.

மாரிட்: அடுப்பு பழசு.

ஆர்வோ: அடுப்பா... ஓ. நான் ஏதோ கப்பல் விடறீங்கன்னு நினைச்சேன்.

மாரிட்: ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

ஆர்வோ: அத மட்டும்தான் பாக்கறேன்.

*

மாரிட்: எவ்வளவு நேரம் மாமா? கழிவறைல போய்த் தூங்கிட்டீங்களா? சூப்பு ஆறிப்போச்சு.

ஆர்வோ: எழுபத்தொண்ணு வயசு வரட்டும், அப்பத் தெரியும் உனக்கு. சூப்பு வேணாம். காபி ஒரு வாய் போதும்.

மாரிட்: பாதி வழில இந்தச் சர்ச்சுக்காரங்க குடுக்கற காட்டரிசி சூப்புக்காகவே பாதிப் பேரு வர்றாங்க. நீங்க வருஷா வருஷம் வேணாங்கறீங்க. சூப்பு வெக்கற அந்தம்மா மனசு கஷ்டப்படறாங்க.

ஆர்வோ: திரும்பி வரும்போது ரெண்டு கிண்ணமாக் குடிக்கறேன்.

மாரிட்: முகம் வெளுத்திருக்கு.

ஆர்வோ: குளிரு. ஏரிக்காத்து. ... அங்க பாரு, யாரு வர்றா. வா வெண்டல், உக்காரு.

வெண்டல்: வணக்கம் ஐயா. உக்கார நேரமில்ல. பதினோராம் நம்பர் வண்டி செயின் அறுந்து போச்சு, ஏத்திக்கிட்டேன். உங்க வண்டி எப்படிப் போவுது?

ஆர்வோ: நல்லாப் போவுது. அடுப்பு எப்படி இருக்கு?

வெண்டல்: எந்த அடுப்பு?

மாரிட்: ஸ்கூல் அடுப்பு.

வெண்டல்: ஆ... அதுவா. அது... நல்லாருக்கு ஐயா. நல்லா எரியுது.

ஆர்வோ: இங்க வரைக்கும் சூடு தெரியுது.

மாரிட்: மாமா, காபி குடிங்க.

வெண்டல்: நான் ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இதுக்கு மேல காத்து பக்கவாட்டுல அடிக்கும். வளைவுல கிளட்ச டக்குனு விட்டுடாத, நான் சொன்ன மாதிரி மெதுவா... விட... விடணும் ஐயா நீங்க.

ஆர்வோ: என்கிட்டயா சொன்ன?

வெண்டல்: ஆமா ஐயா.

ஆர்வோ: நான் இந்தப் பக்கம் இருக்கேன்.

வெண்டல்: வேன் இன்ஜின அணைக்காம வந்துட்டேன். போறேன்.

ஆர்வோ: சாவி உன் கைலதான் ஆடுது வெண்டல்.

வெண்டல்: ...போய்ப் பாக்கறேன் ஐயா.

ஆர்வோ: போயிட்டான். ஓடறத பாரு, நாப்பத்தாறு வயசுல.

மாரிட்: சிரிக்காதீங்க.

ஆர்வோ: சிரிக்கல. வா, வெளிய சுவத்தோரம் நிப்போம். இங்க எல்லாருக்கும் காது நீளம்.

*

ஆர்வோ: சொல்லு.

மாரிட்: என்ன சொல்ல?

ஆர்வோ: மருமகளே, ஊருக்கே தெரியும். தபால்காரனுக்குத் தெரியும். அவன் நாய்க்குத் தெரியும், உன்னப் பாத்தா வெண்டல் வேன் வருதான்னு திரும்பிப் பாக்குது. நீ வாயத் தொறந்து சொல்லாதது என்கிட்ட மட்டும்தான்.

மாரிட்: ...கேட்டாரு மாமா.

ஆர்வோ: கல்யாணமா?

மாரிட்: ம்.

ஆர்வோ: எப்ப?

மாரிட்: போன கிறிஸ்துமஸுக்கு. அதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கும்.

ஆர்வோ: ரெண்டு கிறிஸ்துமஸா? நீ என்ன சொன்ன?

மாரிட்: பொறுத்திருங்கன்னு சொன்னேன்.

ஆர்வோ: எது வரைக்கும்?

மாரிட்: ...மாமா வண்டி ஓட்டற வரைக்கும்.

ஆர்வோ: ஓகோ. அதாவது நான் போய்ச் சேர்ற வரைக்கும்.

மாரிட்: நான் அப்படிச் சொல்லல.

ஆர்வோ: எங்கப்பா தொண்ணூத்திமூணு வயசுல ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிச்சிட்டிருந்தாரு. எனக்கும் அதே எலும்பு. அந்த வெண்டல் தடி ஊனிக்கிட்டுத்தான் மாப்பிள்ளையா சர்ச்சுக்கு வரணும்.

மாரிட்: விளையாடாதீங்க மாமா. நான் யோசிச்சு யோசிச்சுத் தூக்கம் போச்சு.

ஆர்வோ: என்ன யோசன?

மாரிட்: நான் அவரு வீட்டுக்குப் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா? அத்தை இல்ல. காலெவி இல்ல. ஞாயித்துக்கிழம யாரு வருவா?

ஆர்வோ: நீ சந்திரனுக்கா போற? அவன் பட்டற என் வீட்டுல இருந்து நாலு தெரு. ஞாயித்துக்கிழம நீ வா. அவனையும் கூட்டிட்டு வா. என் கூரை ஒழுகுது, எவனாவது ஏறணும்.

மாரிட்: பேரு மாறிடும் மாமா. லாட்டின்னு இருக்காது. பாத்தீங்களா, முகத்தத் திருப்பிக்கறீங்க. அதான் நான்...

ஆர்வோ: இரு. பேசாம இரு. காலெவிக்கு நான் வெச்ச பேரு கல்லுல இருக்கு. அத யாரும் மாத்த முடியாது. உன் பேரு உன் இஷ்டம். இருபத்தெட்டு வயசுல உன்ன என் மருமகளா விட்டுட்டுப் போனான். வேலைக்காரியா இல்ல, காவலுக்கும் இல்ல. புரியுதா?

மாரிட்: ம்.

ஆர்வோ: அழாத. அந்த சூப்பு அம்மா ஜன்னல்ல நின்னு பாக்குது. நான் உன்னத் திட்டறேன்னு நினைச்சு சர்ச்சுல இருந்து என்னத் தள்ளி வெச்சிடுவாங்க.

மாரிட்: உங்களக் கழுத்தப் பிடிச்சு இழுத்தாக் கூட நீங்க சர்ச்சுப் பக்கம் போறதில்ல.

ஆர்வோ: தள்ளி வெச்சா போகணும்னு தோணும். ... சரி. அது முடிஞ்சுது. இப்ப அந்தக் கிளட்ச் விஷயத்துக்கு வா.

மாரிட்: எந்தக் கிளட்ச்?

ஆர்வோ: அடுப்புக்குக் கிளட்ச் கிடையாது மாரிட்.

மாரிட்: ...கோவப்படக் கூடாது.

ஆர்வோ: சொல்லு.

மாரிட்: எனக்கு ஓட்டத் தெரியும்.

ஆர்வோ: எத?

மாரிட்: பைக்க. ஏப்ரல்ல லைசென்ஸ் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழம சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துல வெண்டல் சொல்லிக் கொடுத்தாரு. மூணு தடவ விழுந்தேன். அவரு வண்டிக்குத்தான் அடி.

ஆர்வோ: ...இத ஓட்டுவியா? இந்த வண்டிய?

மாரிட்: இதே மாதிரி வண்டிலதான் பரீட்சை கொடுத்தேன். மாமா, உங்க இடத்தப் பிடிக்கணும்னு கத்துக்கல. சத்தியமா. போன வருஷம் கிளம்பறப்ப உங்க கைய பாத்தேன். கைப்பிடி மேல அப்படி நடுங்குச்சு. வயசாவுது, ஒரு நாள் முடியாமப் போயிடும்னு நினைச்சேன். அன்னைக்கு பதினாலாவது இடம் காலியா இருந்தா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. அதுக்குத்தான்... நான் ஓட்டினா நீங்க பின்னாலயாவது உக்காந்து வரலாமேன்னு...

ஆர்வோ: ...

மாரிட்: ஏதாவது சொல்லுங்க. திட்டறதுன்னா திட்டுங்க. உங்களுக்கு இந்த ஊர்வலம்தான் உசுருன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வாயத் தொறக்கல. இன்னொண்ணும் சொல்லிடறேன், எல்லாத்தையும் சொல்லியாச்சு, இது எதுக்குப் பாக்கி. எனக்கு ரெண்டாவது வருஷமே போதும்னு ஆயிடுச்சு மாமா. முதுகு தாங்கல, குளிரு தாங்கல. ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுதான் ஏறுவேன். காலெவிய நினைக்கறதுக்கு எனக்கு நூத்திப் பத்து மைலு வேண்டியதில்ல, காலைல கண்ணு முழிச்சா போதும். ஆனா நீங்க ஹெல்மெட்டக் கைல வெச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்ல நின்னீங்க. இந்த மனுஷனுக்கு வேற என்ன இருக்குன்னு கோட்ட மாட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அப்படியே... மாமா. என்ன இது. கண்ணத் தொடைங்க. நான் ஓட்டல, விடுங்க. நீங்களே ஓட்டுங்க. நான் எதுவும் சொல்லல. பின்னாலயே உக்காந்து வரேன், எப்பவும் போல. சாவிய ஏன் என் கைல திணிக்கறீங்க? கோவமா?

ஆர்வோ: கோவமில்ல மா. ...எனக்கு பைக்னா பயம். அன்னைக்கும் பயம், இன்னைக்கும் பயம். காலெவி இத வாங்கிட்டு வந்தப்ப ஒரு மாசம் அவன்கூட நான் பேசல. அவன் செத்த வருஷம் நீ சொன்ன, "அவரு வண்டில ஒரு தடவ போகணும் மாமா"ன்னு. ஒரே தடவதானன்னு அறுபது வயசுல போய்க் கத்துக்கிட்டேன். அடுத்த வருஷம் உன் வாசல்ல வந்து நின்னது, நீ வேணாம்னு சொல்லிடுவன்னு நம்பித்தான். நீ கோட்ட மாட்டிட்டு வந்துட்ட. நடுங்கினது வயசுல இல்ல, கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு எப்பவும் நடுங்கும். இந்தச் சர்ச்சுக் கழிவறைல பதினோரு வருஷமா வாந்தி எடுக்கறேன், சூப்ப நினைச்சாலே குமட்டுது. ...நீ ஓட்டு. பதினாலாவதா போய் நில்லு, அவன் பேரு கூப்பிட்டதும் நீ அணை. நான் பின்னால உக்கார மாட்டேன், சத்தியமா உக்கார மாட்டேன். வெண்டல் வேன்ல ஜன்னலோரமா ஒரு இடம் கேளு. பதினோரு வருஷமா ஏரிக்கரையோட போறேன் மா... ரோட்டவிட்டுக் கண்ண எடுக்கப் பயந்து, அந்த ஏரிய நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல.